நூற்றுக்கு நூறு பரசுராமனும் நண்டின் ஒற்றை நரம்பணுவும்

"ஒயர் போற எதுவா இருந்தாலும் சரி. நான் சொல்ற நேரத்துக்கு டக்குனு அடிக்கும். நூத்துக்கு நூறு. ஒண்ணு தப்பாது. எழுதி வெச்சிக்கோ."

2006ஆம் ஆண்டு கோடையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல் டீக்கடையில், ஒரு கையில் கிளாசும் மறு கையில் பஜ்ஜியுமாக நின்று பரசுராமன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். எழுதி வைத்துக்கொள்ளும்படி பணிக்கப்பட்டவர் டீ மாஸ்டர். அவர் எழுதிக்கொள்ளவில்லை. பெரிய பிரகடனங்கள் பலவும் இப்படித்தான் ஏடேறாமல் போயிருக்கின்றன. ஆனால் இது போகவில்லை. எதிரே காருக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில் டீ குடிக்க வந்த கல்லூரித் தாளாளர் சுப்பராயன் அதைக் காதில் வாங்கிவிட்டார்.

பிரகடனம் ஆதாரமற்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பரசுராமன் பத்தொன்பது வருடம் ஒரு கம்பி உருட்டும் ஆலையில் எலக்ட்ரீஷியன். உலையிலிருந்து செக்கச்செவேலென்று கிளம்பும் இரும்பு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி நீண்டு கம்பியாகி, நெடுஞ்சாலையில் லாரி போகும் வேகத்தில் பாய்ந்து வரும். அது யாருக்காகவும் நிற்காது. ஓடும்போதே பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு வெட்டு விழ வேண்டும். அந்தக் கத்திக்கு நேரம் குறித்தவர் பரசுராமன். வெட்டு இரண்டு அங்குலம் பிந்தி விழுந்தால் குமிழை அதே அளவுக்கு இந்தப் பக்கம் திருப்புவார். முந்தி விழுந்தால் அந்தப் பக்கம். அடுத்த வெட்டு கோட்டிலேயே விழும். 'தப்புன அளவு திருப்பு' என்பதுதான் அவருடைய முழு சாஸ்திரமும். ஒரே வரி என்பதால் பாராயணம் சுலபம்.

அந்த ஆண்டு ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு பஜ்ஜியும் தேவையில்லை, தீபாவளி போனசும் தேவையில்லை. பரசுராமனுக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் விருப்ப ஓய்வும் வழங்கப்பட்டன. விருப்பம் ஆலையினுடையது.

சுப்பராயனோ அரிசி ஆலை நடத்தி, அப்புறம் கல்யாண மண்டபம் நடத்தி, அதே வரிசையில் பொறியியல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர். கல்லூரி மாதர்பாக்கம் சாலையில் இருந்தது. அவர் பரசுராமனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒயர் போற எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும் சார்."

"மூளையில ஒயர் போவுதா?"

பரசுராமன் ஒரு வாய் டீ குடித்து யோசித்தார். "போவுது சார். அதான் சில பேருக்கு ஷார்ட் சர்க்யூட் ஆயிடுது."

நேர்முகத் தேர்வு அத்துடன் முடிந்தது. மறுவாரமே அவர் அந்தக் கல்லூரியின் நரம்பணு ஆய்வகத்தில் டெக்னீஷியன்.

ஆய்வகம் என்றால் ஓர் அறை. அந்த அறையின் அதிபதி டாக்டர் ஜுவைரியா. முப்பத்தொரு வயது. பழவேற்காட்டில் இறாலும் நண்டும் ஐஸ் வைத்து அனுப்பும் வியாபாரி முஸ்தபாவின் மகள். அப்பா நண்டைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். மகள் அதே நண்டின் நரம்பை ஆராய்ந்தார். குடும்பத் தொழிலை யாரும் கைவிடவில்லை.

ஜுவைரியாவின் ஆராய்ச்சிக்கு டில்லியிலிருந்து மூன்று வருட நிதி அனுமதி வந்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு நிபுணர் நேரில் வந்து பார்ப்பார். திருப்தி என்றால் மூன்றாம் ஆண்டு. இல்லையென்றால் ஆய்வகத்தை மூட வேண்டியதுதான். அறையை என்ன செய்வது என்பதில் சுப்பராயனுக்குக் குழப்பமே இல்லை. வேலைவாய்ப்புக்குத் தயாராகும் மாணவர்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் விவாதிக்க ஏ.சி. போட்ட ஹால். தச்சர் வந்து இரண்டு முறை அளவெடுத்துப் போயிருந்தார். அவர் டேப்பை நீட்டும்போதெல்லாம் ஜுவைரியா காலை நகர்த்திக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

வேலை இதுதான். நண்டை ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்து, அதன் நரம்பு முடிச்சு ஒன்றைப் பிரித்தெடுத்துக் குளிர்ந்த உப்புநீரில் வைக்க வேண்டும். அதிலிருக்கும் ஒரே ஒரு நரம்பணுவுக்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செருக வேண்டும். அந்த அணு அவ்வப்போது மின்சாரத்தால் ஒரு துடிப்புத் துடிக்கும். எப்போது துடிக்கும் என்பது அதற்கே தெரியாது. அதற்குள்ளே ஓயாத ஓர் இரைச்சல், ஒரு தள்ளாட்டம். ஊசி வழியாகத் துளி மின்சாரம் கொடுத்து, நாம் குறித்த கணத்தில், இரண்டு மில்லி நொடிக்கு முன்பின் போகாமல், அதைத் துடிக்க வைக்க வேண்டும். கைநடுக்கம், காக்கா வலிப்பு என்று என்றைக்கோ ஒருநாள் யாருக்கோ பயன்படலாம் என்றார் ஜுவைரியா. இன்றைக்கு ஒரு நண்டு, ஓர் அணு, அவ்வளவுதான்.

"அவ்ளோதானா மேடம்?" என்றார் பரசுராமன். பன்னிரண்டு மீட்டர் செந்நிறக் கம்பியை வெட்டியவருக்கு இது கொசுவுக்குக் கடிவாளம் போடும் வேலையாகப் பட்டது. "ஒரு வாரம் குடுங்க. நூத்துக்கு நூறு போட்டுத் தரேன்."

வீட்டில் அவர் மனைவி எல்லம்மாவுக்கு இந்தப் பதவி உயர்வு விளங்கவில்லை. அவர் சிப்காட்டில் பிஸ்கட் பாக்கெட் போடுகிறவர்.

"நண்டுக்கு கரண்ட் குடுக்கறியா? இன்னாத்துக்கு?"

"அது நான் சொல்ற நேரத்துக்குத் துடிக்கணும்."

"கொழம்புல போட்டாத்தான் அதுவே துடிக்குமே. இதுக்கு ஒரு காலேஜு, ஒரு மிசினு, ஒரு டாக்டரு." எல்லம்மா சோற்றுப் பானையை இறக்கினார். "நீ சொல்ற நேரத்துக்கு நானே எழுந்திரிச்சதில்ல. நண்டா கேக்கப் போவுது?"

அந்தக் கேள்வியின் ஆழம் பரசுராமனுக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

முதல் வாரம் அவர் ஆலைச் சாஸ்திரத்தை அப்படியே இறக்கினார். துடிப்பு மூன்று மில்லி நொடி பிந்தினால், அடுத்த முறை மின்சாரத்தை மூன்று மில்லி நொடி முன்னதாகக் கொடுப்பார். முந்தினால் பின்னுக்குத் தள்ளுவார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு திருப்பு. குமிழ் சூடாகும் அளவுக்குத் திருப்பினார். நூற்றுக்கு நாற்பது. இரண்டாம் வாரம் இன்னும் கவனமாகத் திருப்பினார். நாற்பத்திரண்டு. மூன்றாம் வாரம் முப்பத்தொன்பது. நண்டைக் குறை சொன்னார். வேறு நண்டு வந்தது. அதுவும் அதே குணம். பழவேற்காட்டு நண்டெல்லாம் பேசி வைத்துக்கொண்டு தன்னைப் பேஜார் பண்ணுவதாக அவருக்குத் தோன்றியது.

எட்டாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜுவைரியா தொழுகைக்குப் போயிருந்தார். பரசுராமன் குமிழோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அப்போது தாளாளர் அறையில் ஏ.சி. நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. கல்லூரியில் அதைவிட அவசரமான ஆராய்ச்சி ஏது? இயந்திரத்தை ஓடவிட்டபடியே ஓடினார். ஏ.சி.யைச் சரிசெய்து திரும்பினால், ஆளில்லாத அறையில் நூறு முறை ஓடி முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஐம்பத்தைந்து.

நம்பாமல் இரண்டு முறை எண்ணினார். ஐம்பத்தைந்தேதான். அவர் இருந்தபோது நாற்பது. அவர் இல்லாதபோது ஐம்பத்தைந்து.

பத்தொன்பது வருட அனுபவசாலியைத் தன் முகத்துக்கு நேராக ஒரு நண்டு அவமதித்தால் வேறு யாராக இருந்தாலும் அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பரசுராமன் போகவில்லை. இங்கேதான் அவருடைய சரித்திரம் ஒரு சாதாரண வாய்ச்சவடால்காரரின் சரித்திரத்திலிருந்து பிரிகிறது. ஒரு நோட்டு எடுத்தார். நடுவே கோடு போட்டார். ஒரு பக்கம் 'கை வெச்சது', மறுபக்கம் 'கை வெக்காதது'. நூறு முறை குமிழைத் திருப்பி ஓட்டினார். அடுத்த நூறு முறை, கை தானாகக் குமிழுக்குப் போய்விடாமலிருக்க இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு பார்த்தார். இப்படி எட்டு நாள், ஐந்து நண்டு. கை வைத்தது நாற்பதைத் தாண்டவே இல்லை. கை வைக்காதது ஐம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

நோட்டை ஜுவைரியாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். "மேடம், என்னால கெட்டுப்போவுது."

ஜுவைரியா பக்கங்களைப் புரட்டினார். "இத நீங்களே கண்டுபிடிச்சீங்களாண்ணா?"

"நண்டு கண்டுபிடிச்சுது. நான் எழுதிக்கினேன்."

"ஆலையில கம்பி தள்ளிப்போனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ணா. உருளை தேஞ்சிருக்கும், சூடு கொறைஞ்சிருக்கும். அந்தக் காரணம் அடுத்த வெட்டுலயும் இருக்கும். அதனால திருப்பினா சரியாவும். இங்க போன துடிப்பு ஏன் லேட்டாச்சுன்னு அடுத்த துடிப்புக்குத் தெரியாது. போனதோட கெட்ட நேரத்த எடுத்து வர்றதோட தலையில வெக்கறீங்க. அதுக்குன்னு ஏற்கெனவே ஒரு கெட்ட நேரம் இருக்கு. ரெண்டும் சேர்ந்துக்குது."

பரசுராமன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, நடுவே போட்ட கோட்டை விரலால் தடவினார். பிறகு கேட்டார்: "அப்ப கை வெக்காம நூறு வராதா?"

"கை வெக்கற எடம் வேற. துடிப்ப முடிஞ்சப்புறம் தொரத்தக் கூடாது. துடிக்கறதுக்கு முன்னாடி கரண்ட் எப்படிப் போவணும்ன்றத சரியா வடிவமைக்கணும்."

அந்த வடிவத்தை அவர் சமன்பாடு போட்டுக் கண்டுபிடித்திருந்தார். பரசுராமனுக்குப் படம் போட்டு விளக்கினார். அணு ஒரு தண்ணீர் டிரம். மின்சாரம் ஏற ஏறத் தண்ணீர் ஏறும். விளிம்பைத் தாண்டி வழிந்தால் அது ஒரு துடிப்பு. ஆனால் டிரம் தள்ளுவண்டியில் இருக்கிறது, ஓயாமல் ஆடுகிறது. மெல்லிய குழாயில் நிரப்பினால் தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் தளும்பும். எப்போது வழியும் என்பதை ஆட்டம்தான் தீர்மானிக்கும். பெரிய குழாயைத் திறந்தால் விளிம்பை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும். ஆட்டத்துக்கு வேலை குறைவு. ஆனால் குழாய் ரொம்பப் பெரிதானால் டிரம்மே உடையும். ஆகவே முதலில் தண்ணீரை நன்றாகக் கீழே இறக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். குறித்த கணம் நெருங்கும்போது, டிரம் தாங்கும் அளவுக்கு மட்டும், சட்டென்று திறந்துவிட வேண்டும்.

"இது எங்க கத்தி மாதிரி" என்றார் பரசுராமன். "ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி பின்னால இழுத்து ஒரே எடத்துல நிறுத்துவோம். எங்கியோ பாதியில இருந்து கெளம்புனா எங்கியோதான் போய் விழும்."

ஜுவைரியா சமன்பாட்டை ஒருமுறையும் பரசுராமனை ஒருமுறையும் பார்த்தார். "இத முதல் நாளே சொல்லியிருந்தா நான் ரெண்டு மாசம் கணக்குப் போட்டிருக்க வேணாம்."

"நீங்க கேக்கலியே மேடம்."

மின்சாரம் ஏறி இறங்கும் வளைவைக் காகிதத்தில் வரைவது ஒன்று. அதே வளைவில் மின்சாரம் ஓடுவது வேறு. பக்கத்திலேயே இரும்பு உருக்கும் ஆலைகள். அவர்கள் உலையைப் போட்டால் கல்லூரி விளக்கெல்லாம் கண் சிமிட்டும். கண்ணாடி ஊசி நடுங்கும். வளைவில் பல் முளைக்கும். பரசுராமன் சுவர் மின்சாரத்தையே துறந்தார். கார் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, அறைக்கு நடுவே கோழிக் கூண்டுக் கம்பி வலையால் ஒரு கூடாரம் கட்டி, நண்டையும் ஊசியையும் அதற்குள் குடியேற்றினார். எந்த ஆலை எந்த நேரத்தில் உலை போடுகிறது என்று டீக்கடை நண்பர்களிடம் விசாரித்துக் கால அட்டவணை எழுதி ஒட்டினார். பழைய சகாக்கள் சிரித்தார்கள். "இன்னா பரசு, நண்டுக்குத் தூக்கம் கலையுதா?" அவர் பதில் சொல்லாமல் அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டார். பதில் சொல்லாமல் இருக்கும் பழக்கம் அவருக்குப் புதிது. நன்றாகவே பொருந்தியது.

அறுபத்தெட்டு. எழுபத்தாறு. எண்பத்து நான்கு. 2007 முடியும்போது தொண்ணூற்றொன்று.

அங்கே நின்றுவிட்டது. ஒரு மாதம் போராடினார். மண்ணுக்குள் செப்புத் தகடு புதைத்தார். கம்பி வலையை இரட்டையாக்கினார். நாற்காலியின் காலுக்கு ரப்பர் போட்டார். தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல் மின்சாரத்தின் உச்ச அளவை இரு மடங்காக்கிப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது. பத்தாவது நிமிடம் அணு செத்துவிட்டது.

"இதுக்கு மேல இருக்கற ஆட்டம் நண்டோடது" என்றார் ஜுவைரியா.

"தெரியுது மேடம். கரண்ட் ஆபீசுல கம்ப்ளெய்ன்ட் குடுத்தா நிக்காது."

அறிக்கையில் தொண்ணூற்றொன்று என்றே எழுதி அனுப்பினார்கள்.

2008 பிப்ரவரியில் நிபுணர் வரும் தேதி அறிவிக்கப்பட்டது. சுப்பராயன் உடனே செயலில் இறங்கினார். கல்லூரி வாசலில் இருபதடி பேனர் எழுந்தது: 'மூளையை 100 சதவீதம் கட்டுப்படுத்தும் ஒரே கல்லூரி'. ஓரத்தில், கையில் ஒயரோடு பரசுராமனின் படம். டீக்கடைப் பிரகடனம் கடைசியில் எழுதப்பட்டேவிட்டது, அதுவும் கலரில்.

பேனரைப் பார்த்த ஜுவைரியா நேரே தாளாளர் அறைக்குப் போனார். "சார், நம்ம ரிப்போர்ட்டுல தொண்ணூத்தொண்ணு."

"அது உங்க அடக்கம் மேடம். பரசுராமன் நூறுன்னு என் காதுபடச் சொன்னான். நூறு வந்தா ரூம் உங்களுது. வரலைன்னா தச்சருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு." பிறகு பரசுராமனைத் தனியே அழைத்தார். "கொஞ்சம் ஏத்தி வையேன் நைனா. ஒரு பத்து நிமிஷம் தாங்கினா போதும்."

பத்து நிமிடம் தாங்கும் என்பது பரசுராமனுக்குத் தெரியும். தாங்கும் என்று தெரிந்ததுதான் தொந்தரவு.

நிபுணர் பேராசிரியர் விக்டோரியா. அறுபது வயது. சின்ன உருவம், பெரிய கைப்பை. பேனரை நின்று நிதானமாகப் படித்தார். அறைக்குள் வந்து ஸ்டூலில் அமர்ந்து, "ஆரம்பிங்க. முதல்ல ஒரு இருபது பாக்கலாம்" என்றார். சுவரோரம் சுப்பராயன், அவருக்குப் பின்னால் பொன்னாடைத் தட்டோடு ஒரு பியூன்.

பரசுராமன் கம்பி வலைக்குள் குனிந்தார். மின்சாரத்தின் உச்ச அளவைக் காட்டும் குமிழைப் பார்த்தார். எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

ஒன்று, திரையில் குறித்த கோட்டில். இரண்டு, கோட்டில். மூன்று. ஏழு. பன்னிரண்டு. ஜுவைரியா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபதும் கோட்டில். இப்படியும் சில நாள் அமையும். நண்டுக்கும் நல்ல நாள் உண்டு.

சுப்பராயன் கைதட்டினார். "பாத்தீங்களா மேடம்! நூத்துக்கு நூறு. டேய், பொன்னாடை!"

விக்டோரியா கையை உயர்த்திப் பியூனை நிறுத்தினார். "ரிப்போர்ட்ல தொண்ணூத்தொண்ணுன்னு இருக்கு. கண்ணால இருபதுக்கு இருபது பாத்தேன். எத எழுதறது?"

"கண்ணால பாத்ததத்தான் மேடம்" என்றார் சுப்பராயன்.

"நூறுன்னு எழுதினா மூணாவது வருஷம் குடுப்பாங்க. நூறத்தான் கேப்பாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் பொய் ரிப்போர்ட்டுன்னு மூடிடுவாங்க. தொண்ணூத்தொண்ணுன்னு எழுதணும்னா அதுக்கு நான் பாத்த ஆதாரம் வேணும். இந்த இருபதுல அது இல்ல." விக்டோரியா ஜுவைரியாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

ஜுவைரியா வாயைத் திறந்தார். சுவரோரம் நின்ற தாளாளர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் தச்சர் இருந்தார், ஏ.சி. இருந்தது, ஆங்கில விவாதம் இருந்தது.

"மேடம்," என்றார் பரசுராமன், விக்டோரியாவைப் பார்த்து. "இன்னும் எம்பது இருக்குது. நூறு ஓட்டிட்டு எழுதலாங்களா?"

"அதான் இருபது அடிச்சிடுச்சே, விடு நைனா" என்றார் சுப்பராயன் பல்லைக் கடித்தபடி.

"அடிச்சிடுச்சு சார். ஆனா இன்னும் தப்பலியே" என்று சொல்லிவிட்டுப் பரசுராமன் பொத்தானை அழுத்தினார்.

இருபத்தொன்று கோட்டில். இருபத்திரண்டு கோட்டில். இருபத்து மூன்று, கோட்டைத் தாண்டி மூன்று மில்லி நொடி தள்ளிப் போய்ச் சாவகாசமாகத் துடித்தது. பரசுராமன் பேனாவை எடுத்து, 'இருபத்து மூணு, தப்பு, மூணு லேட்டு' என்று எழுதிவிட்டு அடுத்ததை அழுத்தினார். முப்பத்தைந்தில் ஒன்று. நாற்பதிலும் நாற்பத்தொன்றிலும் அடுத்தடுத்து இரண்டு. விக்டோரியா ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தானும் எண்ணத் தொடங்கினார். அறுபதுக்குப் பிறகு சுப்பராயன் வெளியே போய்விட்டார். பியூன் தட்டோடு நின்றான். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லவில்லை.

நூறு முடிந்ததும் விக்டோரியா தன் கணக்கையும் பரசுராமனின் கணக்கையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே. தன் படிவத்தில் மூன்றாம் ஆண்டுக்கான கட்டத்தில் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார். சோதனை முடிவுக்கான கட்டத்தைக் காட்டிப் படிவத்தைப் பரசுராமன் பக்கம் தள்ளினார். "ஓட்டினது நீங்க. நீங்களே எழுதுங்க."

பரசுராமன் எழுதினார். அடித்தது எண்பத்தொன்பது. தப்பியது பதினொன்று. அந்தப் பதினொன்றும் எவை எவை, எவ்வளவு முந்தின, எவ்வளவு பிந்தின என்று வரிசையாகக் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டார்.